யூவும் எவ்ரோவும்: இரண்டு நார்மன் கவுண்டிகளின் வாரிசுக் கதை

1066இல் இங்கிலாந்தின் மீது படையெடுக்க நார்மண்டி டியூக் வில்லியமுக்கு யார் யார் எத்தனை கப்பல் கொடுத்தார்கள் என்று ஒரு லத்தீன் பட்டியல் இருக்கிறது. மிகச் சிறியதுதான். அதில் யூ கவுண்ட் ராபர்ட்டின் பெயருக்கு நேரே அறுபது கப்பல். எவ்ரோ கவுண்ட் வில்லியமின் பெயருக்கு நேரே எண்பது. (உண்மையில் அந்த ஆண்டில் எவ்ரோவின் கவுண்ட், வில்லியமின் தந்தை ரிச்சர்ட்தான். அவர் இறந்தது 1067இல். பட்டியல் மகனையே கவுண்ட் என்கிறது.) இருவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள். இருவர் கையிலும் இருந்தவை ஒரே நோக்கத்துக்காக வெட்டிக் கொடுக்கப்பட்ட நிலங்கள். ஆனால் எண்பது கப்பல் கொடுத்த வீடு 1200இல் தன் கவுண்டியை ஒரு கையெழுத்தில் இழந்தது. அறுபது கொடுத்த யூ, எத்தனையோ குடும்பங்களுக்குக் கைமாறியும், இருமுறை பறிமுதலாகியும், யூவாகவே நீடித்தது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் இரண்டுமே ஒரே உயிரொலியில் முடிகின்றன. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. எனவே ஒன்றை யூ என்றும் மற்றதை எவ்ரோ என்றும் எழுதுகிறேன். யூ, நார்மண்டியின் வடகிழக்கு ஓரத்தில், பிரெல் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் பிக்கார்டி. எவ்ரோ தெற்கே, இத்தோன் ஆற்றங்கரையில், பாரிஸை நோக்கிய எல்லையில் இருக்கிறது. பாரிஸ் அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். இந்த நூறு கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

இரண்டு நிலங்களையும் பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் டியூக் குடும்பம் தன் சொந்த ரத்தத்துக்கே கொடுத்தது. எல்லையில் அந்நியனை வைப்பதைவிடத் தம்பியை வைப்பது மேல் என்ற கணக்கு. டியூக் முதலாம் ரிச்சர்ட்டின் மகன் ராபர்ட், 989 முதல் 1037 வரை ரூவான் நகரத்துப் பேராயர். எவ்ரோவின் கவுண்டும் அவரே. பேராயராக இருந்துகொண்டே மனைவி மக்களோடு வாழ்ந்தவர். அக்காலத்து நார்மண்டியில் அதை யாரும் பெரிய குற்றமாகக் கருதவில்லை. அவருக்குப் பின் மகன் ரிச்சர்ட், அடுத்துப் பேரன் வில்லியம் என்று எவ்ரோ சிக்கலின்றி இறங்கியது.

யூவின் தொடக்கம் இவ்வளவு சுமுகமாக இல்லை. முதலாம் ரிச்சர்ட்டின் இன்னொரு மகனான வில்லியம், அண்ணன் இரண்டாம் ரிச்சர்டுக்கு எதிராகக் கிளர்ந்தார். ஜூமியேஜ் மடத்துத் துறவி வில்லியம் எழுதிய வரலாற்றில் மற்றது இருக்கிறது. தம்பியை ரூவான் கோபுரத்தில் ஐந்து ஆண்டுகள் அடைத்தார்கள். உயரமான சாளரத்திலிருந்து நீளக் கயிற்றை இறக்கி அவர் தப்பினார். பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் திரிந்தார். கடைசியில், காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த அண்ணனின் காலில் போய் விழுந்தார். அண்ணன் மன்னித்தார்; யூ கவுண்டியைக் கொடுத்தார்; லெஸ்லின் என்ற பெண்ணையும் மணம் முடித்துவைத்தார். காலில் விழுந்து வாங்கிய நிலம் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். பிடுங்கினால் திரும்பக் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும், அதற்கு ஒரு விலை உண்டு என்ற பாடத்தை யூ முதல் தலைமுறையிலேயே கற்றுக்கொண்டது. எவ்ரோவுக்கு அதைக் கற்கும் அவசியம் நேரவே இல்லை.

1066க்குப் பிறகு கிடைத்த பரிசிலும் வேறுபாடு தெரிகிறது. யூ கவுண்ட் ராபர்டுக்கு ஹேஸ்டிங்ஸ் கோட்டையும் அதைச் சூழ்ந்த சசெக்ஸ் கடற்கரைப் பகுதி முழுவதும் கிடைத்தன. தன் ஊர்த் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலேயே இன்னொரு துறைமுகம். எவ்ரோவின் வில்லியமுக்கு அப்படி ஒரு முழு நிலம் வாய்க்கவில்லை. அவருடைய குடும்ப உறவுகள் கடலைத் தாண்டி வளரவில்லை. தெற்கே, பிரெஞ்சு மன்னரின் வாசலை நோக்கி வளர்ந்தன.

அந்த உறவு தொடங்கியது ஓர் இரவில். மடத்தில் இருந்து எழுதிய ஆர்டெரிக் விட்டாலிஸ் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்கிறார். ஆனால் எவ்ரோவின் அடுத்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இந்த வரிகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. எவ்ரோ கவுண்ட் ரிச்சர்டின் மனைவி ஏற்கெனவே ஒரு முறை விதவையானவர். முதல் கணவர் ரோஜர் தெ தோஸ்னி. அந்த மணத்தில் பிறந்த மகன் ரவுல் தெ தோஸ்னி. இரண்டாவது மணத்தில் பிறந்த மகள் ஆக்னஸ். ரவுலுக்கு, எல்லைக்கு அப்பால் மோன்ஃபோர் பிரபுவாக இருந்த சிமோனின் மகள் இசபெல்லை மணக்க ஆசை. அதற்காக, தாய்வழித் தங்கை ஆக்னஸை இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு போய் சிமோனுக்கு மனைவியாகக் கொடுத்தார். பதிலுக்கு இசபெல்லைப் பெற்றுக்கொண்டார். பெண் கொடுத்துப் பெண் எடுத்தது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆக்னஸ் சம்மதித்தாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆக்னஸின் அண்ணன் வில்லியமுக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவி ஹெல்விஸும், மேற்சொன்ன இசபெல்லும் ஒருவரையொருவர் சகிக்காதவர்கள். இருவர் பேச்சிலும் எழுந்த பகை 1090ஐ ஒட்டிய ஆண்டுகளில் படையாக மாறியது. இசபெல் கவசம் அணிந்து, குதிரையேறி, வீரர்களோடு வீரராகப் போருக்குப் போனார் என்று ஆர்டெரிக் வியந்து எழுதுகிறார். சண்டை ஓய்ந்தபோது செய்த சமாதானத்தில், இசபெல்லின் மகன் ரோஜரைத் தன் வாரிசாக வில்லியம் ஏற்றுக்கொண்டார். ரோஜர் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆக, மிஞ்சியது தங்கை ஆக்னஸின் பிள்ளைகள்.

அவர்களில் பெர்த்ராட் என்ற பெண் ஹெல்விஸிடம் வளர்ந்தவர். ஆஞ்சூ கவுண்ட் ஃபுல்க், வயதானவர், ஏற்கெனவே பல முறை மணம் செய்தவர், பெர்த்ராட்டைக் கேட்டார். ஆஞ்சூவின் தயவு தேவைப்பட்ட நார்மண்டி டியூக் ராபர்ட் மாமன் வில்லியமை வேண்டினார். தன் குடும்பத்திலிருந்து பிடுங்கப்பட்ட நிலங்களைத் திருப்பிக் கொடுத்தால் மருமகளைத் தருகிறேன் என்றார் வில்லியம். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கணக்குப் பார்த்துக் கேட்டார், கிடைத்தது. பெர்த்ராட் ஃபுல்க்கிடம் நிலைக்கவில்லை. 1092இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிலிப்பிடம் போய்விட்டார். அதனால் திருச்சபையே கலங்கியது தனிக் கதை.

1118இல் வில்லியம் இறந்தபோது உரிமை கோரி வந்தவர் ஆக்னஸின் மகன், அதாவது இறந்தவரின் மருமகன், அமோரி தெ மோன்ஃபோர். ரத்த உரிமையில் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அவர் பிரெஞ்சு மன்னரின் ஆள். மோன்ஃபோர் கோட்டை பிரெஞ்சு மன்னரின் நிலத்தில் இருக்கிறது. நார்மண்டியை அப்போது ஆண்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி மறுத்தார். ஏற்கெனவே எவ்ரோவில் மன்னர் கட்டிய கோபுரக் கோட்டையை வில்லியமும் ஹெல்விஸும் இடித்துத் தள்ளியதும், அதற்காக நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டதும் அவருக்கு மறக்கவில்லை. அமோரி காத்திருக்கவில்லை. ஊரைப் பிடித்துக்கொண்டார்.

1119இல் ஹென்றி எவ்ரோவை முற்றுகையிட்டார். ஊரைக் கொளுத்தினால்தான் கோட்டை பணியும். கொளுத்தினால் கோயில்களும் எரியும். பக்கத்தில் எவ்ரோவின் ஆயர் நிற்கிறார். மன்னர் அவரிடமே கேட்கிறார்: எரிந்த கோயில்களை நானே சிறப்பாகக் கட்டித் தருகிறேன், சம்மதமா? ஆயர் தயங்குகிறார். தன் ஆலயத்தைக் கொளுத்தத் தானே தலையசைக்க வேண்டிய நிலை. கடைசியில் பிணை உறுதிகளை வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்கிறார். ஊர் எரிந்தது. வாரிசுத் தகராறு என்று புத்தகங்களில் நாம் வாசிக்கிற வார்த்தைக்குள் இப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். முடிவில் அமோரிக்குக் கவுண்டி கிடைத்தது. கோட்டை மன்னர் வசமே இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு வீடுகளும் ஒரு கணம் நேருக்கு நேர் சந்திக்கின்றன. 1124 மார்ச் மாதம் பூர்த்தெரூல்ட் என்ற இடத்தில் நடந்த சண்டையில், மறுபடியும் கிளர்ந்த அமோரி தோற்று ஓடினார். துரத்திப் பிடித்தவர் மன்னர் பக்கம் நின்ற கிரான்கூர் வில்லியம். இவர் யூ கவுண்டின் மகன். பிடித்தவனை மன்னரிடம் ஒப்படைத்தால் பெரும் பரிசு நிச்சயம். ஆனால் ஹென்றியின் சிறைக்குள் போனவன் திரும்ப மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அது அவர் வீட்டு அனுபவம். அவர் தந்தை, யூ கவுண்ட் வில்லியம், மன்னருக்கு எதிரான சதியில் குற்றம் சாட்டப்பட்டு, 1096இல் சால்ஸ்பரியில் ஒற்றைக்கு ஒற்றைப் போரில் தோற்று, கண் பிடுங்கப்பட்டு, ஆண்மை அறுக்கப்பட்டவர். அது ஹென்றியின் அண்ணன் ஆட்சியில் நடந்தது. கிரான்கூர் வில்லியம் அமோரியை விடுவித்தார். விடுவித்ததோடு நிற்கவில்லை, தன் நிலத்தையும் மன்னரின் தயவையும் உதறிவிட்டு அவரோடே போய் நாடிழந்து வாழ்ந்தார். மகன் ஏன் இப்படிச் செய்தான் என்பதற்கு ஆர்டெரிக் இரக்கத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார். தந்தையின் குருட்டுக் கண்களும் அதற்குள் இருந்தன என்பது என் ஊகம்.

எவ்ரோ அதன்பின் எண்பது ஆண்டுகள் மோன்ஃபோர் வீட்டிடம் இருந்தது. இரண்டு எஜமானர்களுக்கு நடுவே நிற்கிறவனின் தர்மசங்கடம் அந்த வீட்டை விடவே இல்லை. 1159இல் அந்த வீட்டின் மூன்றாம் சிமோன், மோன்ஃபோர், எப்பெர்னோன், ரோஷ்ஃபோர் ஆகிய மூன்று கோட்டைகளையும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார். பாரிஸிலிருந்து ஓர்லேயானுக்குப் போகும் வழியே பிரெஞ்சு மன்னருக்கு அடைபட்டது. 1181இல் சிமோன் இறந்ததும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள்: நார்மண்டியில் இருந்த எவ்ரோ மூத்த மகனுக்கு, பிரான்சில் இருந்த மோன்ஃபோர் இளையவனுக்கு. சிக்கலுக்கு நல்ல தீர்வு என்றே அன்றைக்குத் தோன்றியிருக்கும். 1265இல் இங்கிலாந்தில் பாராளுமன்றம் கூட்டிப் புகழ்பெற்ற சிமோன் தெ மோன்ஃபோர் அந்த இளைய கிளையின் வாரிசு. மூத்த கிளையின் கதை அதற்கு வெகு முன்பே முடிந்தது.

1200 மே 22 அன்று லெ கூலே என்ற இடத்தில் இங்கிலாந்து மன்னர் ஜானும் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பும் ஒப்பந்தம் செய்தார்கள். எவ்ரோ பிலிப்புக்குப் போனது. அப்போதைய கவுண்ட் இளம் அமோரிக்கு ஈடாக இங்கிலாந்தில் குளோஸ்டர் ஏர்ல் பட்டம். ஏன் குளோஸ்டர்? அவர் தாய் மேபல் குளோஸ்டர் ஏர்லின் மகள். மேபலின் தங்கை இசபெல்தான் ஜான் அப்போதுதான் தள்ளிவைத்த மனைவி; அவள் வழியாக வந்த நிலத்திலிருந்தே இந்த ஈடு கொடுக்கப்பட்டது. அமோரி வாரிசின்றி இறந்தார். முதலில் ஆக்னஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிறகு பெர்த்ராட்டுக்கு விலை பேசினார்கள், இறுதியில் மேபலின் உரிமையைக் காட்டி எவ்ரோவை விட்டுக்கொடுத்தார்கள். எவ்ரோவின் உரிமை எப்போதும் ஒரு பெண் வழியாகவே நகர்ந்தது. ஆனால் அந்த மூவரில் ஒருவரும் எவ்ரோவைத் தன் பெயரில், தன் முத்திரையில் ஆளவில்லை.

யூவுக்கு வருவோம். அங்கும் ஆண் வழி அறுந்தது. நடுவில் சில நல்ல ஆண்டுகள் உண்டு: 1151இல் கவுண்ட் ஜான் காலத்தில் ஊர்மக்கள் தன்னாட்சிச் சாசனம் பெற்றார்கள், 1180 நவம்பர் 14 அன்று, இங்கிலாந்து மன்னரைத் தேடி வந்த டப்ளின் பேராயர் லாரன்ஸ் ஓடூல் யூவில் நோயுற்று இறந்தார், அவர் நினைவில் 1186இல் எழத் தொடங்கிய பெரிய கோயில் இன்றும் ஊர் நடுவே நிற்கிறது. ஆனால் கவுண்ட் இரண்டாம் ஹென்றிக்குப் பிறகு ஆண் பிள்ளை தங்கவில்லை. மகள் அலிஸ் மட்டுமே. நார்மண்டி வழக்கப்படி மகன் இல்லாத இடத்தில் மகளுக்கு உரிமை உண்டு. அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது மேலாளும் பிரபுவின் உரிமை. சிங்கநெஞ்சர் ரிச்சர்ட் அவளைத் தெற்கே லுசினியன் வீட்டு ரவுலுக்குக் கொடுத்தார். இதுவரை எவ்ரோவின் கதையேதான்.

லெ கூலே ஒப்பந்தத்தின் மை காய்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். 1200 ஆகஸ்டில் மன்னர் ஜான், அங்கூலேம் இசபெல்லாவை மணந்துகொண்டார். அந்தப் பெண், அலிஸின் கணவர் ரவுலின் அண்ணன் ஒன்பதாம் ஹியூவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். லுசினியன்கள் முறையிட்டார்கள். ஜான் சமாதானம் செய்வதற்குப் பதிலாக ரவுலின் நார்மண்டி நிலத்தில் கைவைத்தார். முறையீடு பிலிப்பிடம் போனது. 1202இல் ஜானின் பிரெஞ்சு நிலங்கள் பறிபோனதாகத் தீர்ப்பு. 1204இல் நார்மண்டியே வீழ்ந்தது. யூ வீட்டுக்கு இழைத்த அவமானம் ஒரு டியூக் நாட்டையே சாய்த்ததில் ஒரு பங்கு என்று சொன்னால் மிகையில்லை.

ரவுல் பின்னாளில் பக்கம் மாறி ஜானோடு சேர்ந்தார்; யூ பிலிப்பிடம் போனது. எவ்ரோ போன அதே பாதை. 1219 மே மாதம் ரவுல் இறந்தார். இங்கேதான் இரண்டு கதைகளும் பிரிகின்றன. விதவையான அலிஸ், குளோஸ்டர் போல வேறொரு பட்டத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு ஒதுங்கவில்லை. நேரே பிலிப்பிடம் பேரம் பேசினார். 15,000 வெள்ளி மார்க். அதோடு நெஃப்ஷாத்தெலும் மோர்த்தெமேரும் விட்டுக்கொடுப்பு. மன்னரின் அனுமதியின்றி மறுமணம் இல்லை என்ற உறுதி. பதிலுக்கு யூ. இந்தத் தொகையைத் தவணையில் திரட்டிக் கொடுத்தார். ஹேஸ்டிங்ஸையும் இங்கிலாந்தில் கேட்டு வாங்கினார். வடக்கே டிக்ஹில் கோட்டை மீதான உரிமைக்கும் விடாமல் வழக்காடினார். இருபத்தேழு ஆண்டுகள், 1246இல் இறக்கும்வரை, அவர் சாசனங்களில் தன்னை யூவின் கவுண்டஸ் என்றே குறித்தார். மெழுகு முத்திரையில் அவர் பெயரே இருந்தது. மடங்களுக்குக் கொடை, மானியதாரருக்கு உறுதிப் பத்திரம், ஊராருக்கு உரிமை உறுதி எல்லாம் அந்த முத்திரையின் கீழ் போயின.

இரண்டு மன்னர்களுக்கு நடுவே நிற்கும் எவ்ரோவின் நோய் அலிஸுக்கும் இருந்தது. 1225இல் போர் மூண்டபோது ஹேஸ்டிங்ஸ் கோட்டையை இங்கிலாந்து மன்னரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1244இல் ஆங்கில நிலங்கள் முழுமையாகப் போயின. ஆனால் விட்டுக்கொடுத்தது ஓரத்தை, வைத்துக்கொண்டது மையத்தை. எவ்ரோவின் அமோரி செய்தது இதற்கு நேர்மாறு.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பிலிப்புக்கு எவ்ரோ மேல் இருந்த பசி யூ மேல் இருந்ததில்லை. பாரிஸுக்கு நூறு கிலோமீட்டர் தூரத்தில் எதிரியின் கோட்டையை எந்த மன்னரும் விட்டுவைக்க மாட்டார். 1200இல் போர் நடுவில் நின்றார் பிலிப். 1219இல் வென்று முடித்தவர், பணத்துக்கு இசைந்தவர். அமோரியின் இடத்தில் அலிஸே இருந்திருந்தாலும் எவ்ரோ போயிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிலிப் பறிமுதல் செய்த நிலங்கள் ஏராளம். திரும்ப வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவராக அலிஸ் இருந்தது நில அமைப்பால் மட்டும் ஆனதல்ல.

அதன் பின்னும் யூ பெண்கள் கையால் இறங்கியது. அலிஸின் பேத்தி மரி வழியாக, ஜெருசலேம் மன்னர் ஒருவரின் மகனான அல்ஃபோன்ஸ் தெ பிரியென் யூவின் கவுண்டானார். பிரியென் வீட்டின் கடைசி கவுண்ட், பிரான்சின் கான்ஸ்டபிள் ரவுல், 1350இல் மன்னர் ஆணையால் விசாரணையின்றித் தலை வெட்டப்பட்டார். யூ மறுபடி பறிமுதல். ஆர்த்வா வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வீட்டின் ஷார்ல் 1415இல் அஜங்கூரில் பிடிபட்டு இருபத்துமூன்று ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்தார். ஆர்த்வா குடும்பத்தாரின் கல்லுருவங்கள் கோயிலின் நிலவறையில் கிடக்கின்றன, கைகூப்பியபடி. பதினாறாம் நூற்றாண்டில் யூ காத்ரின் தெ கிளேவ் என்ற பெண்ணின் வாரிசு நிலம். அவர் கணவர் கீஸ் டியூக் 1578இல் தொடங்கிய மாளிகைதான் இன்றும் நிற்பது. 1588இல் கணவர் கொல்லப்பட்ட பிறகும் காத்ரின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1660இல் பதினான்காம் லூயியின் சித்தப்பா மகள் ஆன் மரி லூயிஸ் யூவை விலைக்கு வாங்கினார். காதலித்த லோசான் சிறையில் கிடந்தபோது, அவரை மீட்க மன்னரின் மகனுக்கு யூவை எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. அப்போதும் தன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை விடவில்லை.

எவ்ரோ என்ன ஆனது? ஒரு நூற்றாண்டு அரச நிலமாக இருந்துவிட்டு, மன்னர் மூன்றாம் பிலிப்பின் மகன் லூயிக்குக் கொடுக்கப்பட்டது. அவர் மகன் நவார் நாட்டு வாரிசு ஜோனை மணந்து 1328இல் மன்னரானார். கெட்டவர் என்று பெயரெடுத்த நவார் மன்னர் ஷார்ல் அவர்கள் பிள்ளை. மன்னர்களுக்கு எவ்ரோ பணம் தரும் பையாகவும், பிரெஞ்சு மன்னரை மிரட்டும் தடியாகவும் ஆனது. 1404இல் நெமூர் டியூக் பட்டத்துக்கு மாற்றாக அதை விட்டுக்கொடுத்தார்கள். 1651இல் மறுபடி ஒரு மாற்று: செடான் கோட்டையை மன்னருக்குக் கொடுத்த பூயோன் டியூக்குக்கு மற்ற சில நிலங்களோடு எவ்ரோ. அந்தக் குடும்பத்தில் எவ்ரோ கவுண்ட் பட்டம் சுமந்த ஒருவர் 1718 முதல் 1722 வரை பாரிஸில் ஒரு மாளிகை கட்டினார். அதுதான் இன்று பிரான்ஸ் குடியரசுத் தலைவர் வசிக்கும் எலிசே.

யூவின் மாளிகையோ ஊரிலேயே இருந்தது. மன்னர் லூயி பிலிப் 1842இல் தன் பேரன் காஸ்தோனுக்கு யூ கவுண்ட் என்று பட்டம் சூட்டினார். அந்தப் பேரன் மணந்தது பிரேசில் பேரரசின் வாரிசு இசபெல்லை. 1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். அடுத்த ஆண்டே பேரரசு கவிழ்ந்தது. குடும்பம் நாடு கடத்தப்பட்டது. பின்னாளில் அவர்கள் யூ மாளிகையை வாங்கிக் குடியேறினார்கள். ஒரு பேரரசின் வாரிசாகப் பிறந்தவர் 1921 நவம்பர் 14 அன்று, டப்ளின் பேராயர் லாரன்ஸின் நினைவு நாளில், யூவில் தன் வீட்டில் இறந்தார்.